மஹாலியா ஜாக்சன்: பயின்ற குரல்

அன்புள்ள ஐயா,

சில வாரங்களாக அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மஹாலியா ஜாக்சனின் பாடல்களை யூடியூபில் கேட்டுவருகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவருடைய நற்செய்திப் பாடல்களை (காஸ்பல்)க் கேட்கும்போது கண் கலங்கிவிடுகிறது. ஏன் என்று விளங்கவில்லை. இசையை முறையாகக் கற்காமல், துணி வெளுத்துப் பிழைத்த ஒரு பெண்ணுக்கு இப்படியொரு குரல் இயற்கையாகவே வாய்த்திருப்பது பெரும் வியப்பு. அந்தக் குரலை வைத்துக்கொண்டு, கறுப்பின மக்களின் உலகியல் பாட்டான ப்ளூஸைப் பாட மாட்டேன் என்று அவர் மறுத்தது வெறும் மதப் பிடிவாதம்தானே? அவரை எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ர., மதுரை

அன்புள்ள ர.,

மஹாலியாவின் பாட்டை விட்டுவிட்டு, அவருக்குப் பியானோ வாசித்த மில்ட்ரெட் ஃபால்ஸையே நான் சில நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. கண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. அழுகை வந்தால் அழுங்கள். நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும்தான் அழலாம் என்று எவரும் விதித்துவிடவில்லை.

ஆனால் ‘இயற்கையாகவே வாய்த்த குரல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் பாராட்டாகத்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். வெள்ளை மாளிகையில் பாடிய பிறகும் மஹாலியாவை இப்படித்தான் பாராட்டினார்கள். ஏழை வீட்டுக் கறுப்பினப் பெண் ஒருத்தி இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வித்தையை ஒரே சொற்றொடரில் பறித்து, இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிற பாராட்டு அது. அவருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது என்பது உண்மை. அதனால் அவர் எதையும் கற்கவில்லை என்றாகிவிடுமா?

1911இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த மஹாலியா சிறு வயதிலேயே தாயை இழந்து, கண்டிப்பான பெரியம்மாவிடம் வளர்ந்தார். பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்து, ஆங்கிலேயப் பாடலாசிரியர் டாக்டர் ஐசக் வாட்ஸின் பழைய துதிப்பாடல்களைச் சபையார் பாடும் முறையில் கற்றுக்கொண்டார். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை முழுவதும் ஒவ்வோர் அசையையும் இழுத்து, வளைத்து, மெல்ல மெல்லப் பாடுகிற முறை அது. ஓர் அசைக்குள் பல சுரங்களை அவர் உலவவிடுவதைக் கேட்டு வியக்கிறீர்களே, அந்த வித்தையின் வேர் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே பரிசுத்தக் கூட்டத்தாரின் சபை ஒன்று இருந்தது. ஆர்கனும் பாடகர் குழுவும் இல்லாத அந்தச் சபையில் மேளமும் தம்பூரினும் கைத்தட்டும் காலுதைப்பும் சேர்ந்து எழுப்பிய தாளம் அவருக்குள் புகுந்துகொண்டது. வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளைப் போட்டு, அந்தக் குரலைப் போலவே பாடிப் பார்த்தார். இவை மூன்றும் பள்ளிக்கூடங்கள் இல்லையென்றால் வேறு எதைப் பள்ளிக்கூடம் என்பீர்கள்?

பதின்ம வயதில் சிகாகோவுக்கு வந்தபின் பகலில் துணி வெளுத்தார், வீட்டுவேலை செய்தார், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பாடினார். நகரத்தின் பெரிய கறுப்பினத் தேவாலயங்கள் அப்போது ஐரோப்பிய முறைப் பாடல்களையே மதித்தன. கைதட்டி, உடல் அசைத்துப் பாடிய அவரை அங்கிருந்தவர்கள் முகம் சுளித்துப் பார்த்தார்கள். வேதாகமமே ‘கைகொட்டி, கெம்பீர சத்தமாய்’ ஆர்ப்பரிக்கச் சொல்கிறதே என்பது அவருடைய பதில். சிறு வருமானத்தில் நான்கு டாலர் மிச்சம் பிடித்துக் குரல் பயிற்சிக்குப் போனபோது, கத்துவதை நிறுத்து என்று ஆசிரியர் சொல்லி அனுப்பிவிட்டார். 1937இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுகள் விற்கவில்லை. நற்செய்திப் பாடலாசிரியர் தாமஸ் டார்சியுடன் ஊர் ஊராகப் போனார். அவர் எழுதிய பாடல்களை இவர் பாடிக் காட்ட, டார்சி அவற்றை அச்சிட்ட தாள்களை விற்றார். ‘மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்’ 1948இல் வெளியாகி நாடு முழுவதும் விற்றபோது மஹாலியாவுக்கு வயது 36. கடைவீதி ஜெபக்கூடங்களில் வெவ்வேறு சபைகளின் முகத்தைப் பார்த்து, எந்த அடியைத் திரும்பப் பாடினால் ஆட்கள் எழுந்து நிற்பார்கள், எங்கே மூச்சை வெட்டினால் கூடம் அதிரும் என்று கற்றுக்கொண்டது அதற்கு முந்தைய ஆண்டுகளில்தான். ஒரு சொல்லின் நடுவில் அவர் மூச்செடுப்பதை விதிமீறல் என்றார்கள். அடுத்த முறை கேட்கும்போது, அந்த வெட்டுக்குப் பிறகு வருகிற பாதிச் சொல்லின் கனத்தைக் கவனியுங்கள். அறியாமல் செய்கிறவர் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் வெட்ட மாட்டார்.

ப்ளூஸ் மறுப்பைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது மேலோட்டமான பேச்சு. அவருக்குப் பாட்டெழுதிக் கொடுத்த டார்சியே முன்பு ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். ப்ளூஸின் நடையும் நெளிவும் அந்த வழியாகத்தான் தேவாலயத்துக்குள் வந்தன. மஹாலியா மறுத்தது இரவு விடுதி மேடையையும், நம்பிக்கையில்லாமல் முடிகிற வரிகளையும். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், கணவருக்கு வேலையில்லாதிருந்தபோது, ‘ஸ்விங் மிகாடோ’ என்ற இசை நாடகத்துக்குத் தேர்வுக்குப் போய் வாய்ப்பையும் பெற்றார். கணவருக்கு வேலை கிடைத்த செய்தி தெரிந்ததும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். எது தன் பாட்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1963இல் வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங்கிடம் கனவைப் பற்றிப் பேசச் சொன்ன கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதை நானும் எழுத வேண்டியதில்லை.

மில்ட்ரெட் ஃபால்ஸுக்கு வருகிறேன். கல்லூரி விடுதியில் நண்பனொருவனிடமிருந்த, எழுத்து அழிந்துபோன ஒலிநாடாவில்தான் முதன்முதலில் மஹாலியாவைக் கேட்டேன். ஒலிபெருக்கி ஒன்று பழுது. பாட்டு அமுங்கிப்போய்ப் பியானோ முன்னால் வந்து நின்றது. இடது கை நடந்துகொண்டே இருக்கிறது, ஒரு நொடியும் நிற்பதில்லை. மஹாலியா தாளத்தைவிட்டு விலகி எங்கோ போய் ஓர் அடியை நீட்டும்போது, அந்தக் கை அவரை இழுக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. அவர் மூச்செடுக்கும் இடைவெளியில் வலது கை இரண்டு மூன்று சுரங்களால் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பல ஆண்டுகள் ஒருவரின் மூச்சைக் கேட்டுப் பழகியவருக்கே இது கைவரும். அந்த வாசிப்பையும் இயற்கை என்றுதான் சொல்வீர்களா, ர.?

1958ஆம் ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாப் பதிவிலிருந்து தொடங்குங்கள். பியானோ மில்ட்ரெட்தான். ‘டிடின்ட் இட் ரெய்ன்’ பாடலை முதலில் மஹாலியாவுக்காக ஒருமுறை கேளுங்கள். மறுமுறை இடது கையை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். கேட்டபின் எனக்கு எழுதுங்கள்.