போதகர் ஒருவரைத் திருமணம் செய்யவிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு அவரோடு ஊழியம் செய்ய வேண்டுமா? அது எப்படி இருக்கும்?

16 வருஷமாக நான் ஐயரம்மா. திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள். இப்போது இருப்பது எங்களுக்கு நான்காவது சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரம்.

ஆராதனை, திருவிருந்து, கமிட்டிக் கூட்டம், கல்யாணம், அடக்கம் எல்லாம் என் கணவர் பொறுப்பு. எனக்கு ஓய்வுநாள் பள்ளியும் பெண்கள் ஐக்கிய சங்கமும். ஆனால் என் உண்மையான ஊழியம் குருமனையின், அதாவது போதகர் வீட்டின், பின்வாசலில்தான் நடக்கிறது. காணிக்கையாகக் கைப்பிடி அரிசி கொண்டுவந்த சாக்கில் பெண்கள் அடுக்களையில் வந்து உட்காருவார்கள். குடிக்கிற புருஷன், அடகில் மூழ்கிய நகை, பிள்ளை இல்லை என்று மாமியார் பேசிய பேச்சு எல்லாம் அங்கேதான் வெளியே வரும். முன்வாசலில் என் கணவரிடம் “நல்லா இருக்கோம் ஐயா” என்று சொன்னவரே பின்வாசலில் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டதையெல்லாம் நான் கணவரிடம் சொல்வதில்லை. முதல் சேகரத்தில் ஒரு தடவை சொன்னேன். அவரும் நல்ல எண்ணத்தில் அந்த ஞாயிறு குடியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சின்ன ஊர், யாரைப் பற்றி என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த அக்கா அப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. இன்றும் அவர் முகம் நினைவுக்கு வந்தால் மனசு வலிக்கும். அதிலிருந்து, “ஐயாவிடம் சொல்லலாமா?” என்று கேட்டுக்கொள்வேன். வேண்டாம் என்றால் அது என்னோடு சரி.

இடையன்குடியை நினைத்துப் பாருங்கள். அங்கே ஊழியம் செய்த மிஷனரி கால்டுவெல் ஐயரை எல்லாருக்கும் தெரியும். 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரிகளான மால்ட் தம்பதியின் மகள். அம்மா மார்த்தா நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். மகள் அதை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். கால்டுவெல் இங்கே வந்து தமிழ் படித்தவர். எலைசாவுக்கோ அது பிறந்து வளர்ந்த மண்ணின் பேச்சு. செம்மணல் தேரிக்காட்டுக் குடிசைகளில் இருந்த பெண்களிடம் அவரால் பேச முடிந்த மாதிரி ஐயரால் பேசியிருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேலை விஷயம். அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதீர்கள். நான் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்கு இரண்டாவது மாற்றல் வந்தபோது ராஜினாமா செய்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவே எழுபது கிலோமீட்டர், கைக்குழந்தை வேறு. அந்த வருத்தம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஐயரம்மாவுக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டே வாருங்கள். உங்களுக்கே ஊழிய அழைப்பு இருக்கிறது என்றால் அது வேறு. சிஎஸ்ஐயில் 1976 முதல் பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறார்கள். அப்போது நீங்கள் இறையியல் படிப்பதைப் பற்றி இருவரும் யோசியுங்கள்.

அப்புறம், கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: சபையில் ஒரு பெண் என்னை நம்பிச் சொன்னதை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டால், உங்களுக்குச் சம்மதமா? என் கணவருக்கு அது பழக மூன்று வருஷம் ஆனது.