காதல் வசியத்துக்கு வேதத்தையும் பைபிளையும் பயன்படுத்தினார்களா?

பயன்படுத்தினார்கள். ஊருக்குத் தெரியாமல் மூலையில் உட்கார்ந்து செய்த வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்; அதர்வ வேதத்திலேயே இதற்கென்று பாடல்கள் உண்டு. மரத்தைக் கொடி சுற்றித் தழுவுவதுபோல நீ என்னைத் தழுவு, விட்டுப் போகாதே என்கிறது ஆறாம் காண்டத்தில் ஒன்று. இதுவரை அழகுதான். மூன்றாம் காண்டத்துப் பாடலோ, காமனின் அம்பு உன் நெஞ்சில் பாயட்டும், படுக்கை உனக்குக் கொள்ளாமல் போகட்டும் என்கிறது. அதற்குச் செய்முறை, அதர்வ வேதச் சடங்குகளைச் சொல்லும் கௌசிக சூத்திரத்தில் இருக்கிறது: குயவர் மண்ணில் அந்தப் பெண்ணின் உருவம் பிடித்து, முள்முனையும் ஆந்தை இறகும் வைத்த அம்பால் அதன் இதயத்தைத் துளைக்க வேண்டும்.

பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில், ரோமானியர் ஆண்ட எகிப்திலிருந்து வந்த களிமண் பெண் பொம்மை ஒன்று இருக்கிறது. கைகள் முதுகுப்புறம் கட்டப்பட்டு, உடம்பில் 13 ஊசிகள். கூடவே ஓர் ஈயத் தகடு: நானில்லாமல் அவளுக்குச் சோறும் தண்ணீரும் தூக்கமும் இறங்கக் கூடாது என்று ஒருவன் எழுதியிருக்கிறான். இதற்குப் பெயர் காதலாம்!

அந்தக் காலத்து எகிப்திய மந்திரச் சுவடிகளில் இயாவோ, சபாவோத், அதோனாய் என்று யூதர்களின் கடவுள் பெயர்கள் கிரேக்கத் தெய்வங்களோடு கலந்து வரும். எழுதியவர் யூதராக இருக்க வேண்டியதில்லை. யூதர்களிடமும் தனிக் கையேடு இருந்தது. பைபிளின் சங்கீதம் 45, 46 இரண்டையும் ஒலிவ எண்ணெயில் ஓதிப் பூசினால் கணவன் மனைவிக்குள் இணக்கம் வரும் என்கிறது. 45 அரசனின் கல்யாணப் பாட்டு, பொருந்துகிறது. 46-இல் பூமி நிலைமாறினாலும் பயப்படோம் என்று வருகிறது. சில வீடுகளுக்கு அதுவும் பொருந்தலாம்.

வடசென்னைக்காரனுக்கு இந்தக் கலப்பு புதிதல்ல. குழந்தை இரவில் வீறிட்டு அழுதால், இந்து வீட்டுப் பிள்ளையானாலும் மண்ணடிப் பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிடுவார்கள். ஓதியதன் பொருள் அந்தத் தாய்க்குத் தெரியாது, ஓதுகிறவர் மேல் மரியாதை இருக்கிறது. எகிப்திலும் அதோனாய் இப்படித்தான் நுழைந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளைக்கு நலம் கேட்பது வேறு, ஒருத்தியின் தூக்கத்தைப் பறிப்பது வேறு. செப்புத் தகட்டில் கட்டம் கீறித் தாயத்தில் அடைத்து, பெயரும் நட்சத்திரமும் கேட்டுப் பணம் வாங்குகிறவர்களிடம் எனக்குத் துளியும் மதிப்பில்லை.

தெய்வத்தைக் காதலுக்கு இழுத்த கதை எங்கள் திருவொற்றியூரிலேயே இருக்கிறது. சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் செய்தால் மீற முடியாதே! நான் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே பேசிவைத்தார். சிவன் சரி என்றார். பிறகு சங்கிலியாரின் கனவில் வந்து, சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். வேறு வழியின்றி அங்கேயே சத்தியம் செய்தார் சுந்தரர். பிறகு திருவாரூர் நினைவு வந்து கிளம்பியவருக்கு, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் போய்விட்டது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.