பதில் தெரியும், எழுதத்தான் வரவில்லை: ஒன்பதாம் வகுப்பு மகனுக்குப் பள்ளியில் என்ன கேட்பது?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் பாடத்தை ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான். எழுதச் சொன்னால் பக்கத்துக்கு இருபது பிழை. தனியார் உளவியலாளர் ஒருவர் டிஸ்லெக்சியா என்றார். பள்ளியிலோ, "சோம்பேறித்தனம், டியூஷன் வையுங்கள்" என்கிறார்கள். அரசு சான்றிதழ் வாங்கினால் மாற்றுத்திறனாளி என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம், டாக்டர்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மகன் சோம்பேறி இல்லை, அம்மா. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இப்படி ஒரு சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவனுக்கும் 14 வயதுதான். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியரே சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

டிஸ்லெக்சியா என்பது எழுத்தையும் ஒலியையும் சட்டென்று இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமம். புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதற்கு மருந்து கிடையாது. நினைவாற்றல் டானிக், கலர் கண்ணாடி என்று யார் சொன்னாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சேர்த்துச் சொல்லித்தரத் தெரிந்த சிறப்பாசிரியர்தான் தேவை. சாதாரண டியூஷனில் அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு முறை நடத்துவார்கள். பையனுக்குக் களைப்புதான் மிஞ்சும். சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து சான்றிதழ். பொதுத்தேர்வுச் சலுகைக்கு உளவியலாளர் தந்த அறிக்கை மட்டும் போதாது. அரசு மருத்துவமனையில் சான்று பெற வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் பார்வையும் செவித்திறனும் பார்ப்பார்கள், பிறகு ஐ.க்யூ. சோதனை, அப்புறம் வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான தனிச் சோதனை. ஒரே நாளில் முடியாது. பழைய நோட்டுகளையும் விடைத்தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள். ஒன்றில் கவனத்தை நிறுத்த முடியாத கவனக்குறைபாடு (ஏ.டி.எச்.டி.) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே வருவது உண்டு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

பள்ளியில் வாய்வார்த்தையாகப் பேசியது போதும். தலைமை ஆசிரியருக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகிய மூன்றையும் அதன் 17-ஆவது பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கடிதத்தில் இதை எழுதுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் தேர்வுத்துறைக்குப் போகும். அதனால் பள்ளியோடு சண்டை வேண்டாம், விடாப்பிடி வேண்டும்.

சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத, காசு செலவில்லாத உதவிகளும் உண்டு. முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. என்னைக் கேட்டால், முதல் கோரிக்கையே இதுதான். நாற்பது பேர் முன்னால் திக்கித் திணறி நிற்கும் அவமானத்துக்குப் பயந்தே பள்ளிக்குப் போக மறுத்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத நேரம் போதாவிட்டால் நண்பனின் நோட்டை நகல் எடுத்துக்கொள்ள விடலாம். அறிவியல் விடைத்தாளில் ல, ள, ழ மாறியதற்கு மதிப்பெண் குறைக்காமல் கருத்துக்கு மதிப்பெண் போடலாம். வகுப்புத் தேர்வில் சிலவற்றை வாய்மொழியாகக் கேட்கலாம்.

சொல்வதை எழுதுபவர் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொதுத்தேர்வு அன்று முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, விடையை வாக்கியம் வாக்கியமாகச் சொல்வது லேசு இல்லை. நன்றாகத் தெரிந்த பாடத்திலேயே பையன்கள் திகைத்துப் போவார்கள். எங்கே பத்தி பிரிப்பது, படத்தில் எந்தப் பாகத்தை எங்கே குறிப்பது, எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்வது எல்லாமே பழகித்தான் வரும். வீட்டில் வாரம் ஒருநாள் அவன் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவன் சொன்னதை மட்டும் எழுதுங்கள், ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். அவனே வேண்டாம் என்று மறுக்கவும் கூடும். இந்த வயதில் நண்பர்கள் முன் வித்தியாசமாகத் தெரிவதுதான் பெரிய வேதனை. அப்படியானால் கூடுதல் நேரத்தோடு தொடங்கலாம். எதைக் கேட்பது என்று அவனையும் உட்கார வைத்து முடிவு செய்யுங்கள். பள்ளிக்குப் பேசப் போகும்போது, சம்மதித்தால் அவனையும் அழைத்துப் போங்கள்.

முத்திரை பற்றிய உங்கள் பயம் புரிகிறது. ஆனால் 'சோம்பேறி', 'மக்கு' என்ற முத்திரை அவன்மேல் ஏற்கெனவே விழுந்துவிட்டதே! சான்றிதழ் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும். தேவைப்படும் இடத்தில் காட்டினால் போதும். குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. அவன் தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, "நான் எதுக்கு இருக்கணும்" என்பது போலப் பேசினாலோ, படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரவு நேரமானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணை அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம்.