நான்கு எழுத்திலும் இல்லாத ஆள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை நெடுநாளாக வாசித்து வருகிறேன். ஸ்காபரோவில் வசிக்கிறேன். மகன் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறான். கணக்கியல் படிப்பான் என்று நம்பியிருந்தோம். இப்போது ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஒலிப்பதிவும் இசைத்தயாரிப்பும் படிக்கப்போவதாகச் சொல்கிறான். பாடகனாக வேண்டும் என்றாலாவது எனக்கு விளங்கியிருக்கும். அவன் கேட்பதெல்லாம் பழைய கனடா ராக் இசை. எனக்கு அது வெறும் இரைச்சல். சட்டம் இருப்பதால்தான் வானொலிகள் கனடாப் பாட்டுகளைப் போடுகின்றன என்று வேலையிடத்தில் சொல்கிறார்கள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தொழிலில் பிள்ளையை இறக்கலாமா? அதுவும் வானொலியே மங்கிவரும் காலத்தில்?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாகவே பழைய இசைத்தட்டு உறைகளின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும், அவ்வளவு சின்ன எழுத்து. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

இரைச்சல் என்பதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. நம் கோயில் தவிலைப் பற்றி உங்கள் அயல்வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். வானொலி மங்குகிறது என்பதும் இருக்கட்டும். எதில் கேட்டாலும் பாட்டை யாரோ பதிவு செய்தாக வேண்டும்.

என்னைச் சீண்டியது அந்தச் சட்டம் பற்றிய வரிதான். இத்தனை காலம் இந்த நாட்டில் வரி கட்டியும், பக்கத்து மேசைக்காரர் சொன்னதை அப்படியே எனக்கு அனுப்புகிறீர்களே! பையன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

1965இல் வினிபெக் பையன்கள் சிலருடைய பாட்டு ஒன்று வெளிவந்தது. கனடாக்காரர் பாடியது என்று தெரிந்தால் கனடா வானொலியே போடாது என்று அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பயம். குழுவின் பெயரை மறைத்து, யாரென்று சொல் பார்ப்போம் என்ற பொருளில் 'கெஸ் ஹூ?' என்று அச்சடித்து அனுப்பினார்கள். பாட்டு கனடாவில் முதலிடம் பிடித்தது. குட்டு வெளிப்பட்ட பிறகும் வானொலிக்காரர்கள் அந்தப் பெயரையே சொன்னதால் குழுவுக்கு அதுவே நிலைத்துவிட்டது. சொந்த ஊர்க்காரன் என்பதை மறைத்தால்தான் சொந்த ஊரில் பாடலாம் என்றிருந்த நாடு இது. சட்டம் ஏன் வந்தது என்று இனிமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

1971 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஏஎம் வானொலிகள் போடும் இசையில் 30 சதவீதம் கனடாவுடையதாக இருக்க வேண்டும். பின்னாளில் அது 35 ஆனது. கொண்டுவந்தது பியேர் ஜூனோ தலைமையிலான ஒலிபரப்பு ஆணையம். நிலையங்கள் சும்மா இருக்குமா? ஆள் குறைந்த விடிகாலையிலும் பின்னிரவிலும் கனடாப் பாட்டுகளைத் தள்ளின. கனடாவின் தேசிய விலங்கான பீவரை வைத்து அந்த நேரத்துக்கு 'பீவர் மணி' என்று கேலிப்பெயர் விழுந்தது. எது கனடாப் பாட்டு என்று முடிவு செய்ய எம், ஏ, பி, எல் என்று நான்கு எழுத்துகள். இசையமைத்தவர், பாடியவர், பதிவான இடம், வரிகள் எழுதியவர். நான்கில் இரண்டு கனடாவாக இருந்தால் போதும்.

தயாரிப்பாளர் எங்கே? பாட்டு மூன்று நிமிடமா ஏழு நிமிடமா, மேளம் எவ்வளவு முன்னால் வரவேண்டும், பாடியது போதுமா இன்னொரு தடவை பாட வேண்டுமா என்று முடிவெடுக்கும் ஆள் எந்த எழுத்தில் இருக்கிறார்? எதிலும் இல்லை. இது எனக்குப் பழைய மனக்குறை. நண்பர்கள் இந்தப் பேச்சை நான் எடுத்ததுமே தேநீர் போட எழுந்துவிடுவார்கள். நீங்கள் எழுந்துபோக முடியாது, கடிதம் எழுதியவர் நீங்கள்.

அமெரிக்க ராக் குழுவான பான் ஜோவியின் 1986ஆம் ஆண்டு இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டுமே ஒரு கோடிக்கு மேல் விற்றது. அது பதிவானது வான்கூவரில், லிட்டில் மவுண்டன் ஸ்டூடியோவில். தயாரித்தவர் வான்கூவர்க்காரர் புரூஸ் ஃபேர்பேர்ன், ஒலிப்பொறியாளர் பாப் ராக், அவரும் கனடாக்காரர். சட்டத்தின் கணக்கில் அதற்கு ஒரு மதிப்பெண், பதிவான இடத்துக்காக. ஃபேர்பேர்னுக்குச் சுழியம்.

மறுபக்கம் இன்னும் வேடிக்கை. 1991இல் கனடாப் பாடகர் பிரையன் ஆடம்ஸ் வெளியிட்ட இசைத்தட்டு உலகமெங்கும் ஒலித்தது. ஆனால் தயாரிப்பாளர் மட் லாங் கனடாக்காரர் அல்ல, பாட்டுகளை ஆடம்ஸோடு சேர்ந்து எழுதியவரும் அவரே. வெளிநாட்டவரோடு கூட்டாக எழுதினால் இசைக்கும் வரிகளுக்கும் மதிப்பெண் இல்லை என்றது அன்றைய விதி. ஆடம்ஸின் பாட்டு கனடாப் பாட்டு அல்ல என்று ஆனது! ஊரே சிரித்தது, ஆடம்ஸ் கொதித்தார், 1993இல் விதியைத் திருத்தினார்கள். அப்போதும் கூட்டாக எழுதுவதற்குத்தான் வழி திறந்தார்கள். தயாரிப்பவருக்கு ஐந்தாவது எழுத்து ஒன்றைச் சேர்க்கலாம் என்று ஆணையத்துக்குத் தோன்றவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. இயந்திரங்களுக்கு மேலே தட்டில் ஒரு வானொலிப் பெட்டி. மேற்பார்வையாளரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. பாடுபவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடாது, அதனாலேயே மற்றதெல்லாம் கேட்டது. மேளக்காரர் ஒரு பெரிய கூடத்தின் மறுகோடியில் இருப்பார், பாடுபவர் என் தோளருகில் நிற்பார், அடுத்த பாட்டில் இருவரும் இடம் மாறியிருப்பார்கள். இத்தனை சின்னப் பெட்டிக்குள் இந்தத் தூரங்களையெல்லாம் யார் வைத்தார்கள் என்று பக்கத்து இயந்திரத்தில் நின்ற போர்த்துக்கீசரிடம் கேட்டேன். என் உடல்நிலையைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்.

அந்தப் பெட்டியில் அடிக்கடி வந்தவர்கள் ரஷ் குழுவினர். உங்கள் மகன் அவர்களைக் கேட்காமல் இருக்க வாய்ப்பில்லை. ரொறொன்ரோப் பையன்கள். இரவில் வாடகை குறைவு என்பதால், மதுக்கூடங்களில் வாசித்து முடித்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். கேட்டுப் பார்த்தால் சப்பென்று இருந்தது. தயாரிப்பாளர் டெர்ரி பிரவுனிடம் கொண்டுபோனார்கள். அவர் சில பாட்டுகளை மறுபடி வாசிக்க வைத்து, மற்றதைச் சீர்செய்து கொடுத்தார். 1974இல் தாங்களே தொடங்கிய மூன் ரெக்கார்ட்ஸ் பெயரில் வெளியிட்டார்கள். சட்டம் வந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் அவர்களைத் தூக்கிவிட்டது கிளீவ்லாந்து, அமெரிக்கா! அங்கே வானொலியில் இருந்த டொனா ஹால்ப்பர், வேலைக்குப் போய்வருபவனைப் பற்றிய ஏழு நிமிடப் பாட்டை எடுத்துப் போட்டார். அது தொழிற்சாலை நகரம். தொலைபேசி ஓயாமல் அடித்தது. டெர்ரி பிரவுன் 1982 வரை அந்தக் குழுவோடு இருந்தார்.

சட்டத்தை வைத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்தவர்களும் உண்டு. வின்சர் நகரத்தின் சிகேஎல்டபிள்யூ 50,000 வாட் நிலையம், கேட்பவர்களில் பெரும்பாலோர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட்டில். கனடாச் சட்டத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை, பிடிக்காவிட்டால் முள்ளைத் திருப்பிவிடுவார்கள். அங்கே தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்து, எந்தப் பாட்டு ஒலிக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்துக்கு உயர்ந்தவர் ரோசலி டிராம்ப்லி. அமெரிக்கன் முள்ளைத் திருப்பாத கனடாப் பாட்டாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது அவருக்கு. அப்படிப்பட்ட பாட்டு கையில் கிடைக்க வேண்டுமென்றால், முன்னால் யாரோ அதை உருப்படியாகச் செய்திருக்க வேண்டும்.

அந்த யாரோவில் முதல் ஆள் ஜாக் ரிச்சர்ட்சன். விளம்பர நிறுவனத்தில் கோகோ கோலா விளம்பரங்களைக் கவனித்துக்கொண்டு நல்ல சம்பளத்தில் இருந்தவர். அதே வினிபெக் பையன்களுக்காக 1968இல் தம் வீட்டை ஈடு வைத்து, நியூயார்க் கூட்டிப்போய்ப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு அவர்களுடைய பாட்டு அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தது. 1970இல் 'அமெரிக்கன் வுமன்' அங்கே முதலிடத்துக்கே போனது, அதையும் தயாரித்தவர் அவர்தான். ஆண்டைப் பாருங்கள் ஐயா. 1970. சட்டம் 1971இல். பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். ரிச்சர்ட்சனிடம் தொழில் பழகிய பாப் எஸ்ரின்தான் பின்னால் பிரித்தானிய ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' இசைத்தட்டைத் தயாரித்தவர்களில் ஒருவர்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரிச்சர்ட்சன் பின்னாளில் பாடம் நடத்தியது ஒன்ராறியோவின் லண்டனில், ஃபான்ஷா கல்லூரியில். கனடாவின் இசை விருதுகளான ஜூனோவில் ஆண்டின் சிறந்த தயாரிப்பாளருக்கான விருது இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் மகன் அந்த ஊரின் பெயரைத் தற்செயலாகச் சொல்லியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. பாடகனாக வேண்டும் என்று கேட்காமல் இதைக் கேட்கிறான் என்றால், மேடைக்கு ஆசைப்படாத பிள்ளை. அப்படி ஒருவன் வாய்த்ததற்குக் கவலைப்படும் தகப்பனை இப்போதுதான் பார்க்கிறேன்.

பிழைப்புக்கு உத்தரவாதம் கேட்டால் என்னால் தரமுடியாது. கட்டணம், விடுதிச் செலவு, ஓசாப் என்ற மாணவர் கடனுக்கான விண்ணப்பம் ஆகியவற்றுக்குப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரைப் பாருங்கள். வீட்டை மட்டும் ஈடு வைக்க வேண்டாம். அதை அவனே பின்னால் வைத்துக்கொள்வான்.