அம்மம்மாவின் குடி, அப்பாவின் கோயில்

அன்புள்ள ஐயாவுக்கு,

எனது ஊர் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். இந்த வருடம் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்கு ஊருக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். உண்மையில் கேட்கவே இல்லை. அப்பா கோயில் நிர்வாகசபையில் இருக்கிறார். "உங்கட தலைமுறைக்குச் சாமியும் இல்ல, சமூகமும் இல்ல" என்று போனை வைத்தவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. அம்மம்மா மட்டும், "வேலையெண்டா என்ன செய்யிற புள்ள, அம்மாளுக்கு விளங்கும்" என்றார்.

எனக்குக் கடவுள் மீது வெறுப்பில்லை. ஆனால் கோயிலுக்குப் போனால் சாமியைக் கும்பிட முதல் சம்பளம் எவ்வளவு, கலியாணம் எப்போது என்ற விசாரணை முடிய வேண்டும். அதுதான் ஏலாமல் இருக்கிறது. தம்பி நேர்மாறு. சமயத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, முஸ்லிம்களையும் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்களையும் பேஸ்புக்கில் ஏசி எழுதுகிறான். அப்பாவுக்கு அவன் நல்ல பிள்ளை. எங்கள் தலைமுறை சமயத்தை விட்டுப் போகிறதா? அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் அப்பாவின் வசனத்தை இந்தப் பக்கத்துத் தகப்பன்மார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள்தான் மாறிவிட்டார்கள், தாங்கள் இருந்தபடியே இருக்கிறோம் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. எங்கள் கோயில்கள் அதிகம் மாறியது அவர்களுடைய கையில்தான்.

அம்மம்மாவின் இளமையில் கண்ணகை அம்மன் கோயில் எப்படி இருந்தது என்று அவரிடமே கேளுங்கள். அநேக கோயில்களில் வருடத்தில் ஒருமுறைதான் கதவு திறக்கும். கலியாணக்கால் நட்டு, கண்ணகியின் கதையான வழக்குரையை இரவிரவாகப் படித்து, வைகாசிப் பூரணையோடு அம்மாளின் வெக்கையைத் தணிக்கிற குளிர்த்தி பாடி முடித்தால் மறுபடி கதவு அடைத்துவிடும். பூசை செய்தவர் கப்புகனாரோ கட்டாடியாரோ, உள்ளூர் ஆள். அம்மை நோய் அம்மாளின் கோபத்தால் வருவதென்று நம்பியவர்களுக்குக் குளிர்த்தி உயிர்ப் பிரச்சினை. பெரியம்மை உலகத்தில் ஒழிந்துவிட்டதென்று அறிவித்ததே 1980இல்தான். அதற்கு முன் பிறந்து வளர்ந்தவருக்கு அம்மாள் என்பவள் ஒரு கோடையில் வீட்டுக்குள் வந்து பிள்ளையின் உடம்பில் இறங்கிவிடக் கூடியவள். இன்றைக்கு உங்களுக்குக் கொப்புளிப்பான் வந்தால் வேப்பிலையும் வைப்பீர்கள், மருந்தும் எடுப்பீர்கள், ஒபிசுக்கு மெடிக்கலும் போடுவீர்கள். அந்தப் பயத்தை அறியாத உங்களிடம் அந்தப் பக்தியைக் கேட்க முடியாது. அம்மம்மா கேட்கவும் இல்லை. அம்மாளோடு நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர் அவர். உங்கள் வரவு இடாப்பு அவருக்குத் தேவையில்லை.

அப்பாவின் தலைமுறை பள்ளிக்கூடம் படித்து உத்தியோகத்துக்குப் போன தலைமுறை. உருவேறி ஆடுவதும் வாக்குச் சொல்வதும் வெளியூரார் முன்னால் அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இந்தக் கூச்சம் முந்தியே வந்துவிட்டது. ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. அங்கே பல கண்ணகி கோயில்கள் பிறகு இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. மட்டக்களப்பு அவளைக் கண்ணகியாகவே வைத்துக்கொண்டது. ஆனாலும் கோபுரம் வந்தது, நவக்கிரகம் வந்தது, ஐயர் வந்தார், நித்திய பூசை வந்தது, வெளிநாட்டுக் காசில் கும்பாபிஷேகமும் வந்தது. குறையாகச் சொல்லவில்லை. போரிலும் 2004 சுனாமியிலும் எல்லாம் இழந்த ஊருக்கு ஒரு கோபுரம் எழும்புவது பெரிய காரியம். ஆனால் மரபு என்று சொல்லி அப்பா உங்களைக் கூப்பிடுகிற பல விஷயங்கள் அவரைவிட வயதில் இளையவை.

அடுத்தது சமூகம். அப்பாவின் கோபத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்ற கோயில் பொறுப்பாளர் பதவியும் சடங்கு உரிமையும் குடிக்குக் குடி பிரித்திருக்கும். குடி என்றால் வம்சம், அதுவோ தாய்வழி. அப்பா அவருடைய தாயின் குடி. நீங்களும் தம்பியும் அவருடைய குடியே இல்லை, அம்மம்மாவின் குடி. நாளைக்குத் தம்பியின் பிள்ளைகள் அவர்களுடைய தாயின் குடிக்குப் போய்விடுவார்கள். அம்மம்மாவின் குடியைக் கொண்டுபோகப் போவது உங்கள் பிள்ளைகள். இப்போது ஒரு நிர்வாகசபைக் கூட்டத்தை எட்டிப் பாருங்கள். கதிரையில் இருப்பவர்கள் முழுக்க ஆண்கள். பெண்களுக்குப் பொங்கல் பானை, பூக்கட்டு, மாதத் துடக்கென்றால் வீதிக்கு அங்கால். குடியைப் பெண்ணால் எண்ணுகிறோம், கணக்குக் கொப்பியை ஆணிடம் கொடுத்திருக்கிறோம். வீடும் வளவும் பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேர்வான் என்றிருந்த காலத்தில் பெண் ஊரை விட்டு அசையவில்லை, ஏற்பாடு ஓடியது. நீங்கள் கொழும்பில் அறை எடுத்து இருக்கிறீர்கள். உங்களை நிறுத்திவைத்துக் கலியாணம் விசாரிக்கிற மாமிமாருக்கு நீங்கள் கும்பிட்டீர்களா என்பது முக்கியமில்லை. குடி எங்கே போகப்போகிறது என்று பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கவலை உங்களைப் பற்றி இல்லை, அவரைப் பற்றித்தான்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பெயரில் வருடா வருடம் கொடியேற்றுவார்கள். அந்தப் பக்கத்து நண்பர் ஒருவரின் வீட்டில் உம்மாவுக்கு அது நேர்ச்சை, நண்பருக்குக் கந்தூரிச் சோறு, அவருடைய மகனுக்கு ஷிர்க், அதாவது அல்லாவுக்கு இணைவைக்கிற பாவம். பேரன்தான் எல்லோரிலும் கண்டிப்பு. ஆகவே இளையவர்கள் எல்லாம் சமயத்தை விட்டு ஓடுகிறார்கள் என்ற கதை எந்தப் பக்கத்திலும் பொருந்தவில்லை. ஆனால் அந்தப் பையன் கொடியேற்றத்துக்குப் போகாமல் இருக்கிறான், அவ்வளவுதான். மூத்தம்மாவோடு வாதாடுவான், பக்கத்துத் தெருவை ஏசமாட்டான். கண்டிப்பு அவரவர் பாடு. தம்பி செய்வது அது இல்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் செத்தவர்கள், பிள்ளைகள் உட்பட, அவர் இளக்காரமாக எழுதுகிற அதே சபைக்காரர்கள். குண்டோடு போனவனும் தன் சமயத்துக்காகத்தான் செய்வதாக நம்பினான். தம்பியும் அவனும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் சமயத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால், யாரிடமிருந்து என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஊர்களுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆட்கள் ஏன் சபைக்குப் போகிறார்கள் என்றும் அவர் விசாரித்துப் பார்க்கட்டும். 2009இல் போர் முடிந்த பிறகு, புருஷனை இழந்த பெண்களின் வீட்டுக்குப் போய் இருந்து கதைத்தவர்கள் யார்? நான் அறிந்த ஊர்களில் கோயில் அந்தப் படலைக்குப் போனது கோயில் வரிக் கொப்பியோடுதான். நல்ல காரியமென்றால் அந்தப் பெண்களை ஒதுங்கி நிற்கச் சொன்னவர்களும் நாங்கள்தான். இதை எழுத பேஸ்புக்கில் இடம் இருக்கிறது.

அப்பாவுக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். சாமி இருக்கா இல்லையா என்று அவரோடு வாதாடப் போகாதீர்கள். அதில் இரண்டு பேரும் பொய் சொல்ல வேண்டி வரும். லீவு கேட்கவில்லை என்ற உண்மையை முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு, "நிர்வாகசபையில அம்மம்மாட குடிக்கு ஒரு பொம்புளையைப் போடுங்க அப்பா, அடுத்த வைகாசிக்குக் கதவு திறக்கிற நாளே வந்து நிக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ஏசினாலும் எழுதுங்கள்.