தாம்பரம் தாண்டி வீடு, மனை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சேத்துப்பட்டில் வேலை. கூடுவாஞ்சேரியில் 1,200 சதுர அடி மனை ஒன்று பிடித்திருக்கிறது. சதுர அடி 3,000 ரூபாய். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு, வில்லங்கம் 30 வருஷத்துக்கு ‘நில்’ என்று புரோக்கர் சொல்கிறார். இந்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், சூளைமேடு

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் நல்ல செய்தி என்று எழுதியிருக்கும் அந்த ‘நில்’தான் இடிக்கிறது.

அண்மையில் மனைப்பிரிவான வயல் என்றால் வில்லங்கச் சான்று (இ.சி. – சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) காலியாக வரவே வராது. லேஅவுட் போட்டவர் நிலத்தை வாங்கிய கிரயப் பத்திரமோ, உரிமையாளரிடம் எழுதி வாங்கிய பவர் பத்திரமோ அதில் இருக்க வேண்டும். சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரமும் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் தேடிய எண் தப்பு.

எப்படித் தப்பாகிறது? உதாரணத்துக்கு, பழைய சர்வே எண் 214/3 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தபோது அது 214/3ஏ ஆனது. மறுபடி பிரித்தபோது 214/3ஏ1 ஆனது. கடைசி எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், உட்பிரிவுக்குப் பிந்தைய பதிவுகள்தான் வரும். அதற்கு முந்தைய கிரயம், அடமானம், ஒப்பந்தம் எல்லாம் 214/3-இன் கீழே உட்கார்ந்திருக்கும். எனவே மூன்று எண்களுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான பதிவுகளைப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு ‘மேனுவல்’ இ.சி. வாங்க வேண்டும். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்ததா என்றும் விசாரியுங்கள். இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும்.

சரியான எண்ணில் எடுத்த இ.சி.கூட எல்லாவற்றையும் காட்டாது. பதியாத உயில், நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு, கையெழுத்துப் போடாத வாரிசு ஆகியவை அதில் வராது. பெண் வாரிசுகளை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிக்கொடுத்த பத்திரங்கள் புறநகரில் ஏராளம். மூலப்பத்திரத்தில் இறந்தவர் பெயர் வரும் இடங்களில் எல்லாம் வாரிசுச் சான்றை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து இருக்கிறதா என்று டிக் அடித்துப் பாருங்கள். பவர் ஏஜென்ட் எழுதிக்கொடுத்திருந்தால், பத்திரம் பதிந்த நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்பது முக்கியம். அவர் இறந்ததுமே சாதாரண பவர் செத்துவிடும்.

அடுத்தது பட்டா. பத்திரம் சதுர அடியில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. உங்கள் 1,200 சதுர அடி சுமார் 2.75 சென்ட், பட்டாவில் ஏறக்குறைய 1.11 ஏர் என்று இருக்க வேண்டும். ‘0 – 1.00’ என்று இருந்தால் 120 சதுர அடிக்கு மேல் காணோம் என்று அர்த்தம். அந்த இடம் பெரும்பாலும் சாலையிலோ பக்கத்து மனையிலோ போயிருக்கும்.

பிறகு எஃப்.எம்.பி. எனும் சர்வே புல வரைபடத்தையும், அனுமதி எண் போட்ட லேஅவுட் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு டேப்போடு இடத்துக்குப் போங்கள். வரைபடத்தில் சாலை 30 அடி என்றிருந்து நேரில் 23 அடி இருந்தால், யார் இடம் சுருங்கியது என்று கேட்காமல் நகராதீர்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது.

லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் விற்பவர் வாங்கக்கூடாது. ஆகவே சிறு டோக்கன் தொகை, அதுவும் காசோலையாக. மிச்சம், ஒப்பந்தம் பதிவான பிறகு.

கேள்வி: அதே மாதிரி ஒரு மனையை 36 லட்சத்துக்கு வாங்குகிறோம். பதிவுச் செலவு எவ்வளவு? வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகத் தரச் சொல்கிறார் விற்பவர்.
– வாசகி, பல்லாவரம்

பதில்: மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 4-இலிருந்து 2 ஆகக் குறைந்தது 2023 ஏப்ரலில். 36 லட்சத்துக்கு 2,52,000 + 72,000 = 3,24,000 ரூபாய். பத்திர எழுத்துக் கூலியும் சில்லறைச் செலவும் தனி. வழிகாட்டி மதிப்பு, உண்மை விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் இந்தக் கணக்கு. வீட்டுக்கடன் வாங்குகிறவர்கள் இந்தத் தொகையைக் கையிலிருந்துதான் போட வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பதிவு நாளன்று நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

ரொக்க யோசனைக்குச் சம்மதிக்காதீர்கள். பத்திரத்தில் 20 லட்சம் என்று போட்டால் வங்கி அதைவைத்துத்தான் கடன் தரும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 20 லட்சமாகவே கணக்காகி, இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள். நிலப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கைமாறுவதே வருமானவரிச் சட்டப்படி தவறு. வியாபாரம் முறிந்தால் கொடுத்த பணத்துக்குச் சாட்சியும் இருக்காது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டி.டி.எஸ். எனும் வருமானவரியைப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. உங்கள் விலைக்கு அது வராது.

கேள்வி: பெருங்களத்தூரில் 1,200 சதுர அடி ஃப்ளாட். யு.டி.எஸ். (ஃப்ளாட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு) 410 சதுர அடி என்கிறார்கள். குறைவா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: மொத்த நிலத்தையும் மொத்த ஃப்ளாட் பரப்பையும் கேட்டுத்தான் சொல்ல முடியும். 2 கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், இதே அளவில் 8 வீடு என்றால் மொத்தக் கட்டுமானம் 9,600. உங்கள் பங்கு 1,200 ÷ 9,600 × 4,800 = 600 சதுர அடி. அப்படியிருந்து 410 மட்டும் எழுதினால், மிச்சம் 190 எங்கே என்று கேளுங்கள். மொட்டை மாடியில் அனுமதியில்லாமல் ஏற்றிய வீட்டுக்குப் பங்கு போயிருக்கலாம். அல்லது பில்டர் தன் பெயரில் வைத்திருக்கலாம். எல்லா ஃப்ளாட்டின் யு.டி.எஸ்.ஸையும் கூட்டினால் நிலத்தின் அளவு வர வேண்டும். பில்டர் அந்தப் பட்டியலைக் காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

கேள்வி: தினமும் எழும்பூர் போக வேண்டும். தாம்பரத்துக்கு உள்ளே சின்ன ஃப்ளாட்டா, மறைமலை நகர்ப் பக்கம் தனி வீடா?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். இன்றும் வண்டிகள் நெருக்கமாக வருவது தாம்பரம் வரைதான். மறைமலை நகர் வழியாகப் போகும் செங்கல்பட்டு வண்டிகள் அதைவிடக் குறைவு. ஒன்றைத் தவற விட்டால் அடுத்ததற்கு நிற்கும் நேரம்தான் உங்கள் வாழ்க்கை. ஆகவே கிலோமீட்டரைப் பார்க்காமல், நீங்கள் அலுவலகம் விட்டுக் கிளம்பும் நேரத்துக்குப் பிறகு எத்தனை செங்கல்பட்டு வண்டி இருக்கிறது என்று அட்டவணையில் எண்ணுங்கள்.

‘ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்’ என்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் பைக்கில் அளந்த கணக்கு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை நடந்து பாருங்கள். இடையில் தண்டவாளமோ ஜி.எஸ்.டி. ரோடோ குறுக்கிட்டால் நடைமேம்பாலப் படிகளும் கணக்கில் சேரும். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, பொங்கல், தீபாவளிக்கு முந்தைய மாலைகளில் வண்டலூர்ப் பக்கம் ரோட்டில் போக நினைக்காதீர்கள். ரயில் கைகொடுக்கும் தூரத்தில் இருந்தால் மட்டும் தனி வீடு. ஷேர் ஆட்டோவை நம்பி என்றால் ஃப்ளாட்.

கேள்வி: வெள்ளம் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்டபாட்டுக்கு அடையாற்று நீர்வழியே காரணம். அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்றால் தெருவின் பழைய வீடுகளில் காம்பவுண்டுச் சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ஒரே மட்டத்தில் கறை ஓடினால் தண்ணீர் நின்ற உயரம் அது. புதிதாக வெள்ளையடித்திருந்தால், ஈ.பி. மீட்டர் பெட்டியை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது பொய் சொல்லாது. புது வீடுகள் எல்லாம் தெருவைவிட நாலடி உயர்த்திக் கட்டியிருந்தால், மழை பெய்யும்போது தெருவுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். கிராம வரைபடத்தில் மனைக்கு அருகில் ஏரி, வாய்க்கால், ஓடை எது இருக்கிறது என்றும் பாருங்கள். வாய்க்கால் நேரில் காணாமல் போயிருந்தால் தண்ணீருக்கு வழி உங்கள் மனைதான்.

கேள்வி: 2014-இல் அனுமதியில்லா லேஅவுட்டில் மனை வாங்கிவிட்டோம். விற்க முடியுமா?
– வாசகர், சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானது என்பதால் மறுபடி பதிவு செய்யலாம். ஆனால் வரன்முறைப்படுத்தாமல் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைப்பது கஷ்டம்; விலையும் அதற்கேற்ப அடிபடும். 2017 வரன்முறை விதிகளின்படி முதலில் லேஅவுட்டுக்கு, பிறகு உங்கள் மனைக்கு என்று இரண்டு கட்டம். விண்ணப்பத் தேதியைப் பலமுறை நீட்டித்திருப்பதால், தற்போதைய நிலையை டி.டி.சி.பி. இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். முதல் கட்டம் ஏற்கெனவே யாராவது முடித்திருக்கிறார்களா என்று பக்கத்து மனைக்காரர்களைக் கேளுங்கள். முடித்திருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.