விரியன் விஷத்தின் நொதி உடலில் தங்கிவிடுமா?

கேள்வி: நெல் அறுப்பின்போது என் தம்பியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து 20 குப்பி ஏற்றி, 4 முறை டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். கொழுப்பைச் சிதைக்கும் ‘பாஸ்போலிபேஸ் ஏ2’ என்ற நொதி அந்த விஷத்தில் இருப்பதாக மருத்துவர் சொன்னார். அது இன்னும் உடலில் இருக்குமோ என்று பயந்து, ஒன்றரை மாதமாக எண்ணெயும் முட்டையும் கொடுக்காமல் இருக்கிறோம். இது சரிதானா?

பதில்: சரியல்ல. அந்த நொதி குறிவைப்பது எண்ணெயை அல்ல. ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள சவ்வில் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் பாஸ்போலிப்பிட்டுகள் என்ற கொழுப்பு மூலக்கூறுகளைத்தான். இரண்டு கொழுப்பு அமில வால்கள் கொண்ட அந்த மூலக்கூறில் ஒரு வாலை மட்டும் அது வெட்டிவிடுகிறது. எஞ்சி நிற்கும் பகுதி சோப்பைப் போலச் சவ்வைக் கரைத்து ஓட்டையாக்குகிறது. வெட்டுண்ட வாலிலிருந்து, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருள்கள் உருவாகின்றன. கடிபட்ட கால் சில மணி நேரத்தில் வீங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பழியை இந்த ஒரு நொதியின் மீது மட்டும் போட முடியாது. மருத்துவமனையில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பார்த்திருப்பார்களே, அந்தச் சோதனை காட்டும் உறையாமைக்குப் பெரும்பாலும் விஷத்திலுள்ள வேறு புரதங்களே பொறுப்பு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதி நம் கணையத்திலும் சுரக்கிறது. செயலற்ற வடிவில் வெளியேறி, குடலுக்குள் வந்த பிறகே செயல்படத் தொடங்குவதால் அது நம்மைத் தாக்குவதில்லை. நீங்கள் தடுத்து வைத்திருக்கும் முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிட்டைச் செரிக்க வைப்பதே அதுதான்!

விஷம் இதற்குள் உடலைவிட்டு நீங்கியிருக்கும். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் திரியும் விஷத்தைப் பிடித்துக் கட்டுமே தவிர, ஏற்கெனவே சிதைந்த திசுவைச் சரிசெய்யாது. ஆகவே கவலைப்பட வேண்டியது சிறுநீரகத்தைப் பற்றித்தான். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்), சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தவறாமல் பரிசோதியுங்கள். உப்பு, புரதம் பற்றிச் சிறுநீரக மருத்துவர் விதித்த கட்டுப்பாடு இருந்தால் அதை மட்டும் பின்பற்றுங்கள். வலிக்காகக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கண்ணாடி விரியன் கடிக்குப் பிறகு அரிதாகச் சிலருக்கு, மூளையின் அடியிலிருந்து பல ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி பழுதடைவதுண்டு. இது பல மாதங்கள் கழித்துக்கூட வெளிப்படலாம். தீராத அசதி, எழுந்தால் தலைசுற்றல், முகத்திலும் உடலிலும் முடி குறைதல் ஆகியவை தென்பட்டால், பாம்பு கடித்த விவரத்தை முதலிலேயே சொல்லி, ஹார்மோன் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.